பலாஸ்ட் தாங்கியில் பூச்சு கழன்றால் முதலில் எங்கே பார்ப்பது?

விடுமுறையில் வந்த மருமகன், வல்வெட்டித்துறை வீட்டுக் கிணற்றடியில் நின்றபடி கைப்பேசியை என்னிடம் நீட்டினான். சரக்குக் கப்பல் ஒன்றில் இரண்டாம் அதிகாரி அவன். திரையில் ஒரு பலாஸ்ட் தாங்கியின், அதாவது கப்பல் நிலையாக மிதக்கக் கடல்நீர் ஏற்றும் அறையின், உட்சுவர் தெரிந்தது. வெளிர்சாம்பல் எபொக்சிப் பூச்சில் நாலைந்து தழும்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் கறள் ஒழுகிக் கீழே கோடு கிழித்திருந்தது.

"பாருங்கள் மாமா, அந்தக் குளோரின் மெஷின் பூட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெயின்றைத் தின்று தீர்த்துவிட்டது."

"எந்தத் தாங்கி? எத்தனையாவது பிரேம்? அந்தச் சுவரின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது?"

பிரேம் என்பது கப்பலின் விலாச்சட்டம், அதன் எண்தான் இடத்தைச் சொல்லும். அவனிடம் பதில் இல்லை. கப்பலில் இருந்த தலைமை அதிகாரி, மாலுமிகளை மேய்க்கும் போசன், கரையிலிருந்த கண்காணிப்பாளர் எல்லோரும், தாங்கி நீரில் உள்ள உயிரிகளைக் குளோரினால் கொல்லும் அந்த மெஷினைத்தான் குற்றம் சொன்னார்களாம். பலாஸ்ட் நீர்ச் சட்டம் வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். தாங்கியில் எது நடந்தாலும் புதிதாக வந்தவன் தலையில் கட்டிவிடுவார்கள், புது மருமகள் வந்த வீட்டில் பால் திரிந்ததுபோல. முப்பது வருடம் கப்பலிலும், பிறகு சில வருடம் தாங்கிகளுக்குள் ரோச் பிடித்து ஊர்ந்த பரிசோதகனாகவும் இருந்த எனக்கு ஒன்று தெரியும். பூச்சு எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், எங்கே கெட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பாதிக் காரணத்தை இடமே சொல்லிவிடும்.

அன்று மாலை அவனுக்குச் சொன்னதை, அவனைப்போலக் கப்பலுக்குப் போகும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகுகளுக்கு இதெல்லாம் தேவையில்லை. நாடு விட்டு நாடு போய், ஓரிடத்து நீரை இன்னோர் இடத்தில் கொட்டும் கப்பல்களின் கதை இது.

பலாஸ்ட் என்ற அடிப்பாரம் எங்கள் கரைக்குப் புதிதல்ல. சரக்கு இல்லாத பாய்க்கப்பல் கல்லையும் மணலையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த அன்னபூரணியும் வல்வெட்டித்துறையில் கட்டியதுதான். உருக்குக் கப்பல் கல்லுக்குப் பதிலாகக் கடல்நீரை ஏற்றுகிறது. அதோடு அந்த ஊர்ப் பாசி, நண்டுக்குஞ்சு, கொலராக் கிருமி எல்லாம் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கின்றன. இதைத் தடுக்கும் பலாஸ்ட் நீர் உடன்படிக்கையைச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2004இல் நிறைவேற்றியது. அது 2017 செப்ரெம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் நடுக்கடலில் நீரை மாற்றினால் போதும் என்றிருந்தார்கள். 2024 செப்ரெம்பர் 8க்குப் பிறகு, உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் வெளியேற்றும் நீரில் 50 மைக்கிரோனுக்கும் அதற்கு மேலும் பெரிதான உயிரிகள் ஒரு கன மீற்றருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும். அதற்குத்தான் இந்த மெஷின்கள்.

அதே அமைப்பின் இன்னொரு குழு 2006இல் வேறொரு விதியைக் கொண்டுவந்தது. புதுக் கப்பலின் பலாஸ்ட் தாங்கிப் பூச்சு 15 வருடம் நல்ல நிலையில் நிற்கவேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. ஒரு குழு நீரில் உள்ளதைக் கொல்லச் சொல்கிறது, மற்றது அந்த நீர் தொடும் சுவரைக் காக்கச் சொல்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் அந்த இருட்டுத் தாங்கி.

இறங்கும் முன்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் இதைத் தவிர்த்தவன் அடுத்த பகுதியை வாசிக்கத் தேவையிருக்காது. வாயுமானியில் ஒட்சிசன் 20.9 சதவீதம் காட்டவேண்டும், தாங்கியின் மேற்பகுதியிலும் நடுவிலும் அடியிலும் தனித்தனியாக. ஒட்சிசனை நீக்கிக் கிருமியைக் கொல்லும் அமைப்பு உள்ள கப்பலில் தாங்கி பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். மின்பகுப்பால் குளோரின் ஆக்கும் மெஷின் ஐதரசனையும் ஆக்கும். அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், அதுவும் தாங்கியின் கூரையடியில்தான் போய்ச் சேரும். சேறு கிளறினால் ஐதரசன் சல்பைட்டு வரும். மான்ஹோல் வாயில் ஓர் ஆள், கையில் வோக்கிடோக்கி, ஓயாத காற்றோட்டம். இவை இல்லாமல் இறங்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் "முடியாது" என்று சொல்லப் பழகுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: கூர்மையான பேனாக்கத்தி, காரமா அமிலமா என்று நிறத்தால் காட்டும் காரமானித் தாள் (pH தாள்), பூச்சுத் தடிப்பு அளக்கும் கருவி, சுண்ணக்கட்டி, நல்ல ரோச். கைப்பேசிப் படம் எடுப்பதானால் முதலில் பிரேம் எண்ணைச் சுவரில் எழுதி, அதையும் சேர்த்து எடுக்கவேண்டும். வாயு பிரச்சினை உள்ள தாங்கிக்குள் சாதாரண கைப்பேசியும் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: நிறம் வெளிறியிருக்கிறது, கையில் மாவுபோல் ஒட்டுகிறது, கறள் இல்லை

எங்கள் ஊரில் வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போடுவார். நாலைந்து முறை போட்டால் சிவப்புப் பிளாஸ்ரிக் வாளி வெளிறிவிடும், ஆனால் ஓட்டையாகாது. இதுவும் அப்படித்தான். குளோரின் போன்ற ஒட்சியேற்றும் பொருள் எபொக்சியின் மேல் தோலைத் தாக்கி நிறத்தை எடுக்கிறது. கத்தியால் இலேசாகச் சுரண்டினால் உள்ளே பழைய நிறம் பளிச்சென்று தெரியும். தடிப்பை அளந்து பாருங்கள். புதுக் கப்பல் விதி கேட்பது 320 மைக்கிரோன். பத்தில் ஒன்பது அளவுகள் அதற்குக் குறையாமலும், மிச்சம் 288க்குக் கீழே போகாமலும் இருந்தால், படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டு ஏறி வரலாம்.

வெளிறல் நீர் உள்ளே வரும் குழாய் வாயைச் சுற்றி மட்டும் கடுமையாக இருந்தால் அது வேறு கதை. மெஷினிலிருந்து வரும் நீரில் ஒட்சியேற்றி அங்கேதான் மிக அதிகம். தாங்கிக்குள் பரவியபின் சேறும் உயிரிகளும் அதைத் தின்று, மணிக்கணக்கில் குறைத்துவிடும். எனவே அந்த இடம் மட்டும் மென்மையாகிப் போயிருந்தால் மெஷினின் பதிவைத் திறக்கவேண்டும். கப்பலில் 'ரி.ஆர்.ஓ.' என்று சொல்வார்களே, எஞ்சிய ஒட்சியேற்றிகளின் மொத்த அளவு, அந்த வரிசையைப் பாருங்கள். லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால் ஒழுங்காக அடித்த எபொக்சிக்கு அதைத் தாங்கும் வலு உண்டு என்பதுதான் நான் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் எகிறிய நாட்கள் பல இருந்தால் மெஷின் அளவுக்கு மேல் ஊட்டியிருக்கிறது. பதிவு ஒழுங்காகத் தெரிந்தாலும் அளவுமானி பழுதா என்று பாருங்கள். உணரியில் அழுக்குப் படிந்தால் அது குறைவாகக் காட்டும், மெஷின் "போதவில்லை" என்று எண்ணி மேலும் மேலும் ஊட்டும். நான் கண்ட ஒரே உண்மையான குளோரின் குற்றம் இப்படித்தான் நடந்தது. உணரியைத் துடைக்க வேண்டியவர் துடைக்கவில்லை.

வெளியேற்றும்போது குளோரினை முறிக்க ஊட்டும் சோடியம் தயோசல்பேற்றையும் சிலர் சந்தேகிப்பார்கள். அது வெளியே போகும் குழாயில் சேர்க்கப்படுவது, தாங்கிச் சுவரைத் தொடுவதில்லை. புறவூதாக் கதிர் மெஷினைச் சந்தேகிப்பது அதைவிட வேடிக்கை. கதிர் விளக்கறைக்குள்ளேயே முடிந்துவிடும், தாங்கிக்கு வருவது வெறும் நீர்.

அறிகுறி: கொப்புளங்கள்

இங்கே கொஞ்சம் நின்று நிதானிக்கவேண்டும். கொப்புளம் ஒன்றுபோல் தெரிந்தாலும் அதன் வயிற்றில் உள்ளது வேறுவேறு.

எங்கள் கரையோர வீடுகளில் உவர் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் மணலில் கட்டிய சுவர், கிணறும் உவர்நீர். எத்தனை முறை பெயின்ற் அடித்தாலும் அடியிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குள் பொருமி உதிரும். உள்ளே இருக்கும் உப்பு நீரை இழுக்கிறது, நீர் பூச்சைத் தள்ளுகிறது. தாங்கியிலும் இதேதான். உருக்கின் மேல் உப்பு இருக்கப் பூச்சு அடித்தால், எபொக்சி ஊடாக நீர் மெல்ல மெல்லக் கசிந்து அந்த உப்பைத் தேடிப்போகும். அதனால்தான் 2006 விதி, பூச்சுக்கு முன் மேற்பரப்பில் கரையும் உப்பு சதுர மீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது.

கொப்புளத்தைக் கண்டால் பெரியது ஒன்றைத் தெரிந்து, சுற்றியுள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். கத்தி நுனியை ஓரத்தில் செலுத்துங்கள், நடுவில் குத்தினால் திரவம் தெறித்துப் போய்விடும். முதல் துளி வரும்போதே காரமானித் தாளை வையுங்கள். பிறகு தோலை உரித்து உருக்கைப் பாருங்கள்.

தாள் கடும் நீலமாகி, உருக்கு புதிதுபோல் மினுங்கினால் அது காரக் கொப்புளம். பக்கத்தில் நிச்சயம் ஓர் அனோட்டு இருக்கும். நாகமோ அலுமினியமோ தன்னைக் கரைத்து உருக்கைக் காக்கும்போது, உருக்கின் மேற்பரப்பில் காரம் உண்டாகிறது. பூச்சில் ஊசித்துளை இருந்தால் அந்தக் காரம் அடியில் புகுந்து ஒட்டுதலைப் பிரிக்கும். மெஷினுக்கு இதில் பங்கு மிகச் சிறிது.

தாள் அவ்வளவாக நிறம் மாறாமல், உள்ளே கறுப்பும் மண்ணிறமுமாகக் கறள் இருந்தால் அது உவர்தான், அடியில் மிஞ்சிய உப்பு. அந்தக் கொப்புளங்கள் கை வைத்துத் துடைத்தமாதிரி வளைந்த பட்டைகளாகவோ, கால்தடமாகவோ இருப்பதை ஒருமுறை கண்டேன். பெயின்ற் அடிக்குமுன் வியர்வைக் கையோடு யாரோ பிடித்து ஏறியிருக்கிறான். பத்து வருடத்துக்குப் பிறகு அவனுடைய ஐந்து விரலும் சுவரில் தெரிந்தன.

துளைத்ததும் பெயின்றைக் கரைக்கும் தின்னரின் மணம் வந்தால், ஒரு கோட் காயுமுன் அடுத்ததை அடித்த அவசரம். இது பெரும்பாலும் மூலைகளிலும் வெல்டிங் மடிப்புகளிலும் வரும், அங்கேதான் பெயின்ற் தேங்கி நிற்கும்.

இந்த மூன்றும் கப்பல் கட்டிய நாளிலேயே விதைக்கப்பட்டவை. மெஷின் பூட்டியபின் கண்ணில் பட்டதற்குக் காரணம், மெஷின் பூட்டியபின்தான் எல்லோரும் தாங்கிக்குள் அடிக்கடி எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அறிகுறி: சதுரமாகவோ நேர்கோடாகவோ தழும்பு, ஓரம் கருகியிருக்கிறது

மருமகனின் படம் இதுதான். கடல் நேர்கோடு போடாது, குளோரினும் போடாது. தாங்கிக்குள் நேர்கோடோ சதுரமோ கண்டால் அது மனிதக் கை.

பழைய கப்பலில் மெஷின் பூட்டுவது சின்ன வேலை இல்லை. வடிகட்டி, மின்பகுப்பு அறை, பம்பு, கட்டுப்பாட்டுப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் அத்திவாரத் தகடும் தாங்குகாலும் வேண்டும். குழாய் போகச் சுவரைத் துளைக்கவேண்டும். இயந்திர அறைப் பக்கத்தில் வெல்டிங் நெருப்பு பட்டால், அதே உருக்கின் மறுபக்கத்தில், தாங்கிக்குள், எபொக்சி கருகும். கருகிய எபொக்சி உடனே விழாது. மேற்தோல் பழுப்பாகி, சில நேரம் இலேசாகப் பொங்கி, ஒட்டிக்கொண்டே இருக்கும். அதன் ஒட்டுதல் மட்டும் போய்விடும். கடல்நீர் நிரப்பி இறக்கி, நிரப்பி இறக்கி, ஒரு வருடத்தில் தகடு தகடாக விழும். பிறகு கறள்.

மருமகனைக் கப்பலிலிருந்த நண்பனுக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். மூன்று நாள் கழித்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் தாங்கிச் சுவர், அளவுநாடா பிடித்தபடி. தழும்புக்கும் தழும்புக்கும் 60 சென்ரிமீற்றர். மற்றதில் இயந்திர அறையில் வடிகட்டியின் தாங்குகால்கள். காலுக்கும் காலுக்கும் அதே 60. மருமகன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, வேலைப் பட்டியலில் தாங்கிக்குள் டச்-அப், திருத்தப் பூச்சு என்று ஒரு வரியே இல்லை" என்றான். இல்லாமல்தான் இருக்கும். மெஷின் பூட்டியவர்கள் இயந்திர அறையை அழகாகப் பெயின்ற் அடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவருக்கு மறுபக்கம் ஒன்று இருப்பது எவர் நினைவிலும் வரவில்லை.

கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் நீங்கள் நிற்கும்போது மெஷின் பூட்டுகிறார்கள் என்றால், ஒவ்வொரு நெருப்பு வேலை அனுமதிச் சீட்டிலும் மறுபக்கத்து அறையின் பெயரைக் கேளுங்கள். அது பலாஸ்ட் தாங்கியாக இருந்தால், வேலை முடிந்த அன்றே இறங்கிப் பாருங்கள். கருகிய இடத்தைக் கத்தியால் குத்தினால் கண்ணாடிபோல் நொறுங்கும், நல்ல பூச்சில் கத்தி வழுக்கும்.

அறிகுறி: விளிம்புகளிலும் வெல்டிங் கோடுகளிலும் மட்டும் கறள்

பெயின்ற் விளிம்பில் நிற்காது, பின்வாங்கும். தண்ணீர் வெற்றிலை ஓரத்தை விட்டு விலகுவதுபோல. ஆகவேதான் விதி, விளிம்புகளை 2 மில்லிமீற்றர் ஆரத்துக்கு உருட்டவோ மூன்றுமுறை தேய்க்கவோ சொல்கிறது, முழுக் கோட் இரண்டுக்கும் மேலாகத் தூரிகையால் இரண்டு கோட்டுப் பூச்சும் கேட்கிறது. இதைக் கட்டிய தளத்தில் யாரேனும் மிச்சம் பிடித்திருந்தால் ஐந்தாறு வருடத்தில் தெரியும். கப்பலின் தரத்துக்குச் சான்று கொடுக்கும் வகைப்படுத்தல் சங்கத்துப் பரிசோதகர் வரும்போது இதைத்தான் கணக்கெடுப்பார். புள்ளிப் புள்ளியாகச் சிறிது கறள் என்றால் 'நல்லது'. விளிம்புகளில் ஆங்காங்கே உடைந்து, அல்லது இலேசான கறள் பரப்பில் 20 சதவீதத்தை எட்டினால் 'நடுத்தரம்'. 20 சதவீதத்துக்குப் பூச்சே போயிருந்தால், அல்லது தடித்த கறள் 10 சதவீதம் இருந்தால் 'மோசம்'. மோசம் என்று எழுதினால் அந்தத் தாங்கியை வருடாவருடம் திறந்து காட்டவேண்டி வரும். கம்பனிக்கு அது காசு, உங்களுக்கு அது தூக்கம்.

அறிகுறி: அனோட்டு சீக்கிரம் கரைகிறது, அல்லது கரையவே இல்லை

கரையாத அனோட்டைக் கண்டு சந்தோசப்பட்ட ஒரு தலைமை அதிகாரியை எனக்குத் தெரியும். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால் அதன்மேலும் இரண்டு கோட் எபொக்சி. பெயின்ற் அடித்தவன் கணக்குப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டான்.

வேகமாகக் கரைந்தால், எங்கோ வெற்று உருக்கு அதிகம் என்று அர்த்தம். பூச்சு உடைந்த இடங்களை முதலில் தேடுங்கள். இங்கே மெஷினுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, மறைக்கவேண்டியதில்லை. குளோரினால் உண்டாகும் ஒட்சியேற்றி, வெற்று உருக்கில் அரிப்பை ஊக்கும், அதைத் தடுக்க அனோட்டு கூடுதலாக உழைக்கவேண்டும். பூச்சு முழுதாக இருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. உருக்கின் மின்னழுத்தத்தை வெள்ளி-வெள்ளிக் குளோரைட்டு மின்வாயால் அளந்தால் −0.80 வோல்ற்றோ அதைவிட எதிரோ வரவேண்டும். அந்த அளவு வராத மூலையில் அனோட்டு போதவில்லை.

அறிகுறி: அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை மணம், சேற்றுக்கு அடியில் வட்டக் குழிகள்

குழியின் வாய் சிறிதாகவும் வயிறு பெரிதாகவும் இருந்தால், சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லாமல் வாழும் சல்பேற்று-ஒடுக்கும் பற்றீரியாவைச் சந்தேகியுங்கள். யாழ்ப்பாணக் களப்பில் காலை வைத்தால் மேலே சாம்பல், கீழே கறுப்பு, ஒரு நாற்றம் வருமே, அதே ஆட்கள்தான். பூச்சில் ஒரு சிறு காயம் கிடைத்தால் அங்கே குடியேறி, மில்லிமீற்றர் கணக்கில் தோண்டிவிடும்.

புதுச் சட்டத்தால் இந்த விடயத்தில் நன்மைதான். பல மெஷின்களுக்கு முன்னால் 40, 50 மைக்கிரோன் வடிகட்டி இருக்கிறது. முன்பு தாங்கிக்குள் போன மணலும் சேறும் இப்போது வாயிலிலேயே நிற்கின்றன. அப்படியும் சேறு மண்டியிருந்தால், பலாஸ்ட் பதிவேட்டைப் புரட்டுங்கள். ஆற்று முகத்துறைமுகங்களில் கலங்கல் நீர் வடிகட்டியை அடைத்து, மெஷினைத் தவிர்த்து நேரடியாக நீர் ஏற்றிய நாட்கள் அதில் எழுதியிருக்கவேண்டும். விதி அதற்கு இடம் தருகிறது, ஆனால் பிறகு தாங்கியைக் கழுவி, நடுக்கடலில் நீரை மாற்றிச் சீர்செய்யவேண்டும். அந்தக் கழுவல் நடந்ததா என்பதற்குச் சேற்றின் தடிப்பே சாட்சி.

ஒட்சிசன் நீக்கும் அமைப்பில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஒட்சிசன் இல்லாவிட்டால் சாதாரணக் கறள் குறையும், உண்மை. ஆனால் அது சேற்றுப் பற்றீரியாவுக்குச் சொர்க்கம். அதோடு, தாங்கியைத் திறந்து காற்று புகுந்து, மூடி, மறுபடி திறந்து என்று மாறி மாறி நடந்தால், கறுத்த இரும்புச் சல்பைட்டின் மேல் ஒட்சிசன் பட்டு அரிப்பு பாயும். இந்த அமைப்பு உள்ள கப்பலில் காற்று வெளியேறும் தலைக்குழாய் மூடிகளைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அறிகுறி: தாங்கியின் கூரையில் மட்டும் கறள்

மேல்தளத்தின் அடிப்பக்கம் வெயிலில் கொதிக்கும், இரவில் குளிரும், நீராவி படிந்து சொட்டும். அங்கே நீர் நிற்பதில்லை என்பதால் அனோட்டும் உதவாது, ஏனென்றால் நீரில் மூழ்கினால்தான் அது வேலை செய்யும். பூச்சு ஒன்றே காவல். தடிப்பாக அடித்த இடத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் வெப்பமும் அதிகத் தடிப்பும் சேர்ந்த வேலை. சூடாக்கிய எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்துச் சுவரிலும் இதே வெடிப்பு வரும்.

சரி, எப்படித் திருத்துவது?

நல்ல நீரால் கழுவி, கறளைத் தேய்த்து எடுத்து, உடைந்த விளிம்பைச் சரிவாக்கி, உப்பை அளந்து, மறுபடி கழுவி, பிறகு பெயின்ற். எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஈரம்.

விதி சொல்வது இரண்டு: காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, உருக்கு பனிபடு நிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 பாகை சூடாக இருக்கவேண்டும். காற்று 30 பாகை, ஈரம் 85 சதவீதம் என்று வையுங்கள். பனிபடு நிலை 27க்குச் சற்று மேலே வரும். உருக்குக்கு வேண்டியது 30க்கு மேல். ஆனால் இரட்டை அடித்தளத்துத் தகட்டின் மறுபக்கத்தில் கடல், அது 28 பாகை. அந்தத் தகடும் 28தான். கண்ணுக்கு உலர்ந்து தெரிந்தாலும் அங்கே பெயின்ற் அடிப்பது வீண். கார்த்திகை மழையில் வெள்ளையடித்து, தையில் மறுபடி அடிக்கிற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஈரம் உலர்த்தும் கருவியைத் தாங்கிக்குள் விட்டு, ஈரப்பதனைக் கீழே இறக்கிய பிறகே வாளியைத் திறக்கவேண்டும்.

அடுத்தது காய்தல். பல எபொக்சிகள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வரும், ஆனால் முழுதாக இறுக 25 பாகையில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சரியான எண் பெயின்ற் வாளியோடு வரும் தாளில் இருக்கும். அதற்குள் சரக்கு இறங்கும், கப்பல் நிமிர்ந்து மிதக்கும், "நீர் ஏற்று" என்று கட்டளை வரும். சட்டப்படி அந்த நீர் மெஷின் ஊடாகத்தான் வரும், குளோரினோடு. இறுகிய எபொக்சி தாங்கும் குளோரினை இறுகாத எபொக்சி தாங்காது. அரைகுறையாகக் காய்ந்த டச்-அப் வெள்ளை படர்ந்து, மென்மையாகி, அடுத்த பயணத்தில் விரலால் உரிக்க வரும். அப்போது மறுபடி எல்லோரும் மெஷினைத்தான் திட்டுவார்கள். ஆகவே திருத்தும் தாங்கியை அந்த வாரம் வெறுமையாக விட முடியுமா என்று முதலிலேயே சமநிலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், அந்தத் துறையில் தொடவே வேண்டாம். அரைவேலையைவிடக் கறள் நல்லது, அது எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.

பெயின்ற் வாங்குமுன், கப்பலில் உள்ள பூச்சுத் தொழில்நுட்பக் கோப்பைத் திறந்து, முன்பு அடித்தது எது என்று பாருங்கள். கப்பலின் ஆயுள் முழுவதும் அந்தக் கோப்பு கப்பலில் இருக்கவேண்டும், திருத்தங்களும் அதில் ஏறவேண்டும். உங்கள் மெஷினின் ஒட்சியேற்றி அளவைச் சொல்லி, பெயின்ற் கம்பனியிடம் எழுத்தில் பதில் வாங்கி, அதையும் அங்கே கோர்த்துவிடுங்கள்.

மருமகன் மீண்டும் கப்பலேறிப் போனான். போன கிழமை ஒரு படம் அனுப்பினான். தாங்கிச் சுவரில், தேய்த்து வெளுத்த சதுரங்கள் நாலு. ஒவ்வொன்றின் அருகிலும் சுண்ணக்கட்டியால் பிரேம் எண், அதன் கீழே அம்புக்குறி போட்டு "மறுபக்கம்: வடிகட்டி, கால் 1", "கால் 2" என்று எழுதியிருந்தான்.